தும்மல் விட்ட இடைவெளி

பேண்டு செட்டுத் தொழில்ல தப்பா ஊதுனா ஒருத்தரும் கேக்க மாட்டாங்க, நிறுத்துனாத்தான் கேப்பாங்க.

ஊதிப் பாத்தவங்களுக்கு இது தெரியும். மாப்பிள்ளை கார் வழியில நின்னு போனாலும் ஊதோணும். மழை வந்தாலும் ஊதோணும். ஊதறவனுக்குப் பல்லு வலின்னாலும் ஊதோணும். சத்தம் நின்னா கல்யாண ஊட்டுக்காரர் மொகம் சுருங்கிப் போகும். சாவு ஊடுன்னா சொந்தபந்தம் மொத்தமும் திரும்பிப் பாக்கும். நான் இருவத்தஞ்சு வருசமா கிளாரினெட் ஊதறேன். மத்த நாள்ல மாரமங்கலத்துப் பக்கம் ஒரு எஸ்டேட்டுல காப்பிச் செடிக்குக் கவாத்து அடிக்கற வேலை. முகூர்த்த நாள்ல லீவு சொல்லிட்டு செட்டு.

இப்படி இருந்தவன் நாப்பத்தாறு வயசுல ஜாஸ் கத்துக்கப் போயி மாட்டிக்கிட்டேன். நான் பட்ட பாட்டை உங்களாட்டம் ஊதி நொந்தவங்ககிட்டத்தான் சொல்ல முடியும். மத்தவங்க வெறும் சிரிப்பு சிரிப்பாங்க. நீங்களும் சிரிப்பீங்க, ஆனா வாய் வலி தெரிஞ்சு சிரிப்பீங்க.

ஸ்கூட்டர்ல நின்ன அம்மா

ஏற்காடு ஏரிப் பக்கம் ஒரு மாப்பிள்ளை அழைப்பு. ரோட்டை அடைச்சுக்கிட்டுப் போறோம். பின்னால ஒரு பொண்ணு ஸ்கூட்டர்ல மாட்டிக்கிச்சு. முப்பது முப்பத்திரண்டு வயசு இருக்கும். ஆரன் அடிக்கல, திட்டல. வண்டியை ஓரமா நிறுத்திட்டு எங்க கூடவே நடந்து வருது. முடிஞ்சதும் நேரா எங்கிட்ட வந்து, "அண்ணா, ரெண்டாவது பாட்டுல நடுவுல ஒரு எடத்துல, பாட்டுலயே இல்லாத ஒண்ணை ஊதுனீங்களே, அது என்னங்க?"ன்னு கேட்டுச்சு. எனக்குத் திக்குன்னு ஆயிருச்சு. இத்தனை வருசத்துல ஒருத்தர்கூடக் கண்டுபிடிக்காத தப்பு! "தெரியாம வந்துருச்சுங்கம்மா, மன்னிச்சுக்கோங்க"ன்னேன். "எதுக்குங்க மன்னிப்பு? அதைத்தான் நாங்க ஜாஸுன்னு சொல்றோம்"னு சிரிச்சுச்சு.

அதுதான் நித்யா. சேலத்துப் பொண்ணு. பெங்களூர்ல பியானோ படிச்சுட்டு, வீட்டுக்காரருக்கு இங்க வேலைங்கறதால மலைக்கு வந்து, பிள்ளைங்களுக்குப் பியானோ சொல்லிக் கொடுக்குது. மொளகு, காப்பித்தூள் கடை வெச்சிருக்கற ரபீக் பாய் வாலிபத்துல லைட் மியூசிக்ல பேஸ் கிடார் வாசிச்சவரு. ரெண்டு பேரும் ஞாயித்துக்கெழமை சேந்து வாசிக்கறாங்களாம். ஊதறதுக்கு ஒருத்தர், கொட்டறதுக்கு ஒருத்தர் வேணுமாம். நான் எம் பொண்டாட்டி சரசுவோட தம்பி பழனிசாமியைக் கூட்டிட்டுப் போனேன். செட்டுல அவன்தான் சைடு டிரம், தவில் ரெண்டும். படியேறும்போது விசயத்தைச் சொன்னேன். நாலு படி ஏறிட்டுக் கேட்டான்: "தப்பா ஊதறதுக்குத் தனியா ஒரு பேரு வெச்சு, அதைக் கத்து வேற குடுக்கறாங்களா மாமா? நாம இத்தனை வருசமா படிக்காமலே பண்ணிட்டு இருந்தமே!"

எந்தப் பாட்டுங்க?

ரபீக் பாய் கடைக்கு மேல ஒரு குடோன். சுத்தியும் மொளகு மூட்டை, நடுவுல நித்யாவோட கரண்ட்டுப் பியானோ, நாங்க நாலு பேரு. செவுத்துல ஒரு வெள்ளைப் பலகை. நித்யா அதுல பன்னெண்டு கட்டம் போட்டுச்சு. ஒரு கட்டம் ஒரு பார், அதுக்கு நாலு எண்ணிக்கை. பன்னெண்டு பார் முடிஞ்சா ஒரு சுத்து. கார்டுன்னா சேந்து ஒலிக்கற நாலஞ்சு நோட்டு; கட்டத்துக்குள்ள எந்த எடத்துல எந்தக் கார்டு மாறுது, அந்தக் கார்டுக்கு எந்த நோட்டெல்லாம் ஒத்துப் போகும்னு எழுதிக் காட்டுச்சு. அது வரைக்கும் சரி. காதுக்குப் பழகுனதுக்குப் பேரு வெச்சாங்க, அவ்வளவுதான். எல்லாம் எழுதி முடிச்சுட்டு நித்யா திரும்பி, "இப்ப இந்தச் சுத்து உங்களுது. மனசுல வர்றதை ஊதுங்கண்ணா"ன்னுச்சு.

ஊதறவனை இதுக்கு மேல பயப்படுத்த முடியாதுங்க. என் ஆயுசுல யாராவது ஒருத்தர் பாட்டுப் பேரைச் சொல்லுவாங்க, நான் ஊதுவேன். மத்தியானம் ஒரு பாட்டைக் கேட்டா சாயங்காலம் அச்சு அசலா ஊதிருவேன், அதுல எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. "எந்தப் பாட்டுங்க?"ன்னு கேட்டேன். "உங்க பாட்டுங்கண்ணா"ன்னுச்சு. என்கிட்ட ஏது பாட்டு? கண்ணை மூடிக்கிட்டு மேல ஏறுனேன், கீழ எறங்குனேன், மறுபடி ஏறுனேன். பன்னெண்டு பார்லயும் ஒரு ஊசி குத்தற எடம் விடாம ரொப்பிட்டுத்தான் கிளாரினெட்டைக் கீழ வெச்சேன். ரபீக் பாய் கைக்குட்டையால நெத்தியைத் தொடச்சுட்டுச் சொன்னாரு: "ஏனுங்க, ஊதுனது நீங்க. மூச்சு வாங்கறது எனக்கு."

மஸ்டர்

நித்யா சொல்லிருச்சு, எந்த நேரமும் மனசுக்குள்ள பன்னெண்டு பார் ஓடிக்கிட்டே இருக்கோணும்னு. சொன்னா சொன்னபடி செய்யறவன் நான். கவாத்துக் கத்தி வெட்டறது எண்ணிக்கையிலதான். பஸ்ஸுல போனா எண்ணிக்கை. சாப்பிட்டா எண்ணிக்கை. சரசு ஒரு நாள் சாப்பாட்டுத் தட்டையே எடுத்துட்டுப் போயிருச்சு.

எஸ்டேட்டுல காலையில மஸ்டர். ரைட்டர் நோட்டை வெச்சுக்கிட்டு ஒவ்வொரு பேரா கூப்பிடுவாரு, "வந்துட்டேனுங்க"ன்னு சொல்லோணும். என் பேரைக் கூப்பிட்டப்ப நான் ஒம்பதாவது பார்ல இருந்தேன். அந்த எடத்துலதான் கார்டு மாறும், விட்டுட்டா மொத்தமும் போச்சு. ரெண்டு தரம் கூப்பிட்டிருக்காரு. பக்கத்துல இருந்தவன் இடிச்சதுல வாய் தொறந்து, "ஒம்பது!"ன்னு கத்திட்டேன். நின்ன அம்பது பேரும் திரும்பிப் பாத்தாங்க. ரைட்டர் கண்ணாடியை மூக்குல எறக்கிட்டுச் சொன்னாரு: "ஒம்பது பேருக்கு நீ ஒருத்தனே வேலை செய்யறதா இருந்தா எனக்கொண்ணும் இல்லப்பா, எழுதிக்கறேன்."

வெரல்

குடோன்ல எங்களுக்குள்ள ஒரு சைகை வேணும்னு நித்யா முடிவு பண்ணுச்சு. கையை மூடிக் காட்டுனா முடிக்கோணும். ஒத்தை வெரலைத் தூக்குனா இன்னும் ஒரு சுத்து. ரபீக் பாய் தலையாட்டுனாரு. நானும் பழனியும் ஆட்டுனோம். எங்க ரெண்டு பேரு நெனப்பும் எங்கியோ இருந்திருக்கு.

உங்களுக்குச் சொல்லோணுமா? தாலி கட்டற நேரத்துல மணையில இருக்கற பெரியவர் வெரலைத் தூக்குவாரு. தூக்குனா கெட்டிமேளம். அந்த நிமிசத்துல ஒரு தும்மல், ஒரு அழுகை, ஒரு கெட்ட சொல்லு யாரு காதுலயும் விழுந்துரக் கூடாதுன்னு இருக்கற சத்தத்தையெல்லாம் ஒண்ணாக் கொட்டறது. மலையில பாதிக் கல்யாணத்துக்குத் தனியா மேளம் வெக்க மாட்டாங்க. பழனி தவிலை மாட்டுவான், நாங்க கூட ஊதுவோம். எத்தனை கல்யாணம்! வெரலைப் பாத்தா கை நம்ம பேச்சைக் கேக்காது. நித்யா மெதுவா ஒரு பாட்டு வாசிச்சுட்டு, கண்ணை மூடி, நொம்ப நளினமா வெரலைத் தூக்குச்சு. பழனி டிரம்மை ஒடைக்கற மாதிரி கொட்டுனான். நானும் மேல் ஸ்தாயியில புடிச்சுட்டேன். மூட்டையில இருந்த தூசி மொத்தமும் எங்க தலைமேல. ரபீக் பாய் ஊட்டுக்காரம்மா கீழ கல்லாவுல இருந்து கத்துனாங்க: "ஏனுங்க, மேல யாருக்குங்க கல்யாணம்? கடைக்கு வந்தவங்க கேக்கறாங்க!"

கிளாரினெட்டுக்குச் சளி

படிச்சதை வெச்சுக்கிட்டுச் சும்மா இருக்க முடியலீங்க. செம்மநத்தத்துல ஒரு பொண்ணு அழைப்பு. ஒத்தையடி அகலத்துக்கு ரோடு, ஆளுங்க ஒட்டி ஒட்டி நடக்கறாங்க. எல்லாருக்கும் தெரிஞ்ச பாட்டுதான். அதுல ஒரு நோட்டை அரை அளவு எறக்கி, இழுத்து, வளைச்சு விட்டேன். எனக்கே புல்லரிச்சுது. பழனி கண்ணடிச்சான். பொண்ணோட தாய்மாமன் கூட்டத்தை வெலக்கிட்டு வந்து, பையில இருந்து ஒரு இருமல் மிட்டாயை எடுத்து என் கையில வெச்சாரு: "வாத்தியத்துக்குப் போட முடியாதுன்னா நீங்களாச்சும் போட்டுக்கோங்க."

தும்மல்

மூணாவது மாசம். ஒரு ஞாயித்துக்கெழமை என் சுத்து வந்துச்சு. வழக்கம்போல ரொப்பிக்கிட்டு இருக்கேன். அஞ்சாவது பார்ல மொளகுத் தூசி மூக்குக்குள்ள ஏறிருச்சு. தும்மல் வருது. கிளாரினெட்டை வாயில இருந்து எடுத்துட்டு மூக்கைப் புடிச்சுக்கிட்டேன். வரும் வரும்னு நிக்கறேன், வரவே இல்லை. ரெண்டு பார் போயிருச்சு. வெக்கமாப் போயி, சுத்து முடியறதுக்குள்ள சும்மா ரெண்டு நோட்டு ஊதி வெச்சேன். நித்யா எழுந்தே நின்னுருச்சு. "அண்ணா! அந்த இடைவெளி! இத்தனை நாள்ல நீங்க வாசிச்சதுலயே அதுதாங்க அழகு! எப்படி நிறுத்தணும்னு தோணுச்சு?"

தும்மல்னு சொல்லியிருக்கோணும். சொல்லலை. பாராட்டு கெடைச்சு நாளாச்சுங்க, விட மனசு வரலை. நித்யா செல்போன்ல பதிஞ்சதை எனக்கு அனுப்பிச்சுது. எனக்குத்தான் காப்பியடிக்கற வேலை கை வந்ததாச்சே, ஒரு வாரம் கேட்டுக் கேட்டு என்னையே நான் மனப்பாடம் பண்ணுனேன். அடுத்த ஞாயித்துக்கெழமை அப்படியே ஊதுனேன். நித்யா அடுத்த பாட்டுக்குப் போயிருச்சு. அதுக்கு அடுத்த வாரமும் அதே. ஊதி முடிச்சு நிமுந்தா பழனி என்னையே பாத்துக்கிட்டு இருக்கான். பாவி, மனசுல ஒண்ணையும் வெச்சுக்கத் தெரியாதவன். எல்லாரு முன்னாடியும் கேட்டான்: "மாமா, அன்னிக்குத் தும்மல் வந்துச்சு, மூக்கைப் புடிச்சீங்க. சரி. இன்னிக்கு எதுக்குப் புடிச்சீங்க?"

தம்பிக்கு எடம்

நித்யா கோவப்படலை. அதுதான் எனக்குக் கஷ்டமா இருந்துச்சு. ஏரிக்கரையில ஒரு ஓட்டல் புல்வெளியில ஞாயித்துக்கெழமை மத்தியானம் நாங்க வாசிக்கறதா பேச்சு, அதுக்கு மூணு வாரம்தான் இருந்துச்சு. "பாட்டோட மெட்டை நீங்கதாங்கண்ணா ஊதணும், அதுல மாத்தம் இல்லை. ஆனா உங்க சுத்துல மனப்பாடம் வேண்டாங்க. அன்னிக்கும் மனசுல ஒண்ணும் வரலைன்னா பரவால்ல, அதுக்கப்புறம் உங்க சுத்தை நான் பியானோவுல வாசிச்சுக்கறேன்"ன்னுச்சு. அப்புறம், "ஒரு கேள்வி கேக்கற மாதிரி ஊதிட்டு நிறுத்திப் பாருங்க. பதில் வரும். நிறுத்தறதுக்கு ஏங்க இவ்வளவு பயப்படறீங்க?"ன்னு கேட்டுச்சு. நான் கிளாரினெட்டைப் பொட்டியில வெச்சுட்டு பஸ் ஏறிட்டேன்.

பதில் எனக்குத் தெரியும். எங்க செட்டுல எனக்குப் பக்கத்துல டிரம்பெட் ஊதுனது என் தம்பி செல்வம். நான் பாட்டுல ஒரு அடி ஊதி விடுவேன், அவன் அதுக்குப் பதில் ஊதுவான். செட்டுக்கு வந்ததுல இருந்து அப்படித்தான், பேசிக்கிட்டதை விட ஊதிக்கிட்டது அதிகம். ரெண்டு வருசத்துக்கு முன்னால நெஞ்சுல சளி கட்டி, ஒரே வாரத்துல போயிட்டான். அவன் சாவுக்கு எங்க செட்டுதான். நீங்க உக்காருங்கன்னு எல்லாரும் சொன்னாங்க. நான் கேக்கலை. ஊட்டுல இருந்து சுடுகாடு வரைக்கும் ஊதுனேன். ஒவ்வொரு அடிக்கும் அவன் பதில் வர்ற எடம் வரும். அந்த எடத்தைக் காதால கேக்க எனக்குத் தைரியம் இல்லை. அதனால அவன் அடியையும் நானே ஊதுனேன். அன்னிக்கு நான் அழுகலை. ஊதிக்கிட்டே இருந்தா அழுக முடியாது, பாத்துக்கோங்க. அதுக்கப்புறம் எந்தக் கல்யாணத்துலயும் சரி, குடோன்லயும் சரி, அந்தத் தும்மலைத் தவிர நிறுத்துனதே இல்லை.

இதை முதமுதலா அன்னிக்குத்தான் வாய் விட்டுச் சரசுகிட்டச் சொன்னேன். அடுப்பைப் பாத்துக்கிட்டே கேட்டுச்சு. ஆறுதல் எல்லாம் சொல்ற ஆளு இல்லை. அடுப்பை அணைச்சுட்டுத் திரும்பிச் சொல்லுச்சு: "ஏனுங்க, ரெண்டு வருசமா தம்பி பங்கையும் நீங்களே ஊதிட்டு இருக்கறீங்க. அவனுக்கும் கொஞ்சம் எடம் உடுங்க."

காப்பி

அந்த ஞாயித்துக்கெழமை மூணு மணிக்கே பனி எறங்கிருச்சு. புல்வெளியில பத்துப் பன்னெண்டு மேசை. சேலத்துக் குடும்பங்க, பெங்களூர் சோடிங்க. எங்களை யாரும் பாக்கலை, பஜ்ஜியைத்தான் பாத்தாங்க. அது நல்லதாப் போச்சு. முதல் பாட்டு மெட்டோட முடிஞ்சுது. ரெண்டாவது, அந்தப் பன்னெண்டு பார். ரபீக் பாய் ஒரு சுத்து, நித்யா ஒரு சுத்து. அப்புறம் என்னைப் பாத்து லேசாத் தலையாட்டுச்சு.

அஞ்சே நோட்டு. ஊர்வலம் கெளம்பறப்ப செல்வத்தைப் பாத்து நான் வழக்கமா ஊதி விடற அடி. ஊதிட்டு கிளாரினெட்டை எறக்கிட்டேன். பயமாத்தான் இருந்துச்சு. ஒரு பார் போச்சு. பேஸ் கிடார் நடந்துக்கிட்டே இருக்கு, நித்யா பியானோவுல இருந்து கையை எடுத்துருச்சு. ரெண்டு பார். பதில் இல்லை. இருக்காதுன்னு தெரிஞ்சும் காது போயி அவன் நின்ன பக்கத்தைத் தேடுது. வெரலெல்லாம் துடிக்குது, ரொப்பு ரொப்புன்னு. நான் ஊதலை. அந்த வெறும் எடத்தை முழுசாக் கேட்டேன். அவன் இல்லை. செத்துப் போயிட்டான் என் தம்பி. ரெண்டு வருசம் கழிச்சு அப்பத்தான் எனக்கு அது காதுல விழுந்துச்சு.

மூணாவது பார்ல, முன் மேசையில இருந்த ஒரு பெரிய மனுசர் வெயிட்டரைக் கூப்பிட ஒத்தை வெரலைத் தூக்குனாரு. பழனி அதைப் பாத்துட்டான். அவ்வளவுதான், கெட்டிமேளம்! மேசையில கரண்டி எல்லாம் குதிக்குது, வெயிட்டர் தட்டோட அப்படியே நிக்கறான். செல்வம் இருந்தா இந்நேரம் டிரம்பெட்டை வானத்தைப் பாத்துத் தூக்கியிருப்பான். எனக்குச் சிரிப்பு பொத்துக்கிட்டு வந்துச்சு, சிரிப்போட அழுகையும் வந்துச்சு, தேம்பித் தேம்பி அழுதேன். அந்தச் சத்தத்துல என் அழுகை ஒருத்தர் காதுலயும் விழுகலை. கெட்டிமேளம் எதுக்குன்னு அன்னிக்குத்தான் எனக்கே புரிஞ்சுது. மூக்கைத் தொடச்சுக்கிட்டு எடுத்து ஊதுனேன். என்ன ஊதுனேன்னு தெரியாது. மூணு சுத்து ஊதுனேன்னு ரபீக் பாய் பின்னால சொன்னாரு. நடுவுல நடுவுல நிறுத்துனேன், அது மட்டும் ஞாபகம் இருக்கு.

முடிஞ்சதும் அந்தப் பெரிய மனுசர் எழுந்து கும்பிட்டுட்டு, "நான் இன்னொரு காப்பிதானுங்க கேட்டேன், இவ்வளவு மரியாதை எதுக்குங்க?"ன்னாரு. பழனி தலையைக் குனிஞ்சுக்கிட்டான். நித்யா வயரைச் சுருட்டிக்கிட்டே என்கிட்ட வந்துச்சு. அதுக்கும் கண்ணு செவந்துதான் இருந்துச்சு. "அண்ணா, இன்னிக்குப் பதியலைங்க, மறந்துட்டேன். அதே மாதிரி மறுபடி ஊத முடியுங்களா?" யோசிச்சுப் பாத்தேன். ஒரு நோட்டுகூட ஞாபகம் வரலை. "முடியாதுங்கம்மா"ன்னேன். நித்யா வயரைப் பையில போட்டுட்டுச் சொல்லுச்சு: "அப்ப அடுத்த வாரமும் உங்க சுத்து உங்களுதுதாங்கண்ணா."

ஊதக் கத்துக்க எனக்கு மூணு வருசம் போதுமா இருந்துச்சு. ஊதாம நிக்கக் கத்துக்கத்தான், வராத தும்மல் ஒண்ணும் யாரோ கேட்ட காப்பி ஒண்ணும் தேவைப்பட்டுச்சு.